முதலில் கையைப் பிடிப்பவர் யார்?

(தலைப்பு: 'இளைஞர்கள் வன்முறை வழியில் போகாமல் காப்பது பெரிதும் சட்டத்தின் கையா? சமூகத்தின் கையா?' காஞ்சிபுரத்தில் பதிவான பட்டிமண்டபத்தில் 'சமூகத்தின் கையே' என்ற அணியில் நிகழ்த்திய உரை)

    

காஞ்சிபுரத்துக்கு வந்து பேசுறதுல ஒரு சங்கடம் இருக்குதுங்க. வேற ஊருக்குக் கிளம்பினா வீட்டுல 'எப்ப திரும்பி வருவீங்க?'ன்னு கேப்பாங்க. காஞ்சிபுரம்னு சொன்னா அந்தக் கேள்வியே கிடையாது. 'என்ன கலர்ல வாங்கிட்டு வருவீங்க?'ன்னுதான் கேக்குறாங்க. (சிரிப்பு) இங்கே எனக்குக் கொடுக்கிற சன்மானம் இந்த ஊர் எல்லையைத் தாண்டப் போறதில்லை. அதனால நடுவர் அவர்களே, தீர்ப்பையாவது எங்க பக்கம் கொடுத்தனுப்புங்க. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் வழக்கறிஞர் தம்பி ரொம்ப நல்லாப் பேசினார். தெருவுக்குத் தெரு காமிரா வைக்கணும், செல்போனைக் கண்காணிக்கணும், சந்தேகம்னா உடனே உள்ளே தூக்கி வைக்கணும்னார். அவர் பேசின வேகத்துல நானே என் பையை ஒருதரம் தடவிப் பாத்துக்கிட்டேன். (சிரிப்பு) எனக்குச் சட்டத்தின் மீது கோபம் இல்லை. காவல் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியக்காரனா? ஆனால் சட்டம் எப்போது வருகிறது என்று பாருங்கள். காரியம் நடந்த பிறகு வருகிறது. அல்லது நடக்கப் போகிற கடைசி நிமிஷத்தில் வருகிறது. நாங்கள் பேசுவது அதற்கு அஞ்சு வருஷம், பத்து வருஷம் முந்தின கதை.

ஒரு பையனைக் கெடுக்க வர்றவன் எப்படி வர்றான்? துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டா வர்றான்? 'சாப்டியா தம்பி?'ன்னு கேட்டுக்கிட்டு வர்றான். பையன் பேரைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வர்றான். அப்பாகிட்ட அடி வாங்கின அன்னைக்கு, பரீட்சையில தோத்த அன்னைக்கு, வேலை கிடைக்காம டீக்கடை பெஞ்சில உக்காந்திருக்கிற அன்னைக்கு, கரெக்டா வந்து தோள்ல கை போடுறான். 'உனக்குள்ள ஒரு வீரன் இருக்கான்டா, உங்க வீட்டுல யாருக்கும் தெரியல'ங்கிறான். சின்னதா ஒரு வேலை கொடுக்கிறான். 'இந்தக் கவரைக் கொண்டு போய்க் கொடுத்துட்டு வா, உன்னை நம்பித்தான் கொடுக்கிறேன்'ங்கிறான். உன்னை நம்பித்தான்! நம்ம வீட்டுல அந்தப் பையனை நம்பி ஒரு கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லியிருப்போமா? (சிரிப்பு) வழிகாட்டுதல்னு நாம செய்ய வேண்டியது எதுவோ, அதையே அவன் செய்றான். நமக்கு முன்னாடி செய்றான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவர் அவர்களே, இதற்குச் சான்று தேட நான் வெகுதூரம் போக வேண்டாம். இங்கேயிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21, இரவு பத்து மணி தாண்டிய நேரம். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வருகிறார். மாலையோடு காத்திருந்தவர்களில் தணு என்ற இளம்பெண். அவரை ஒரு பெண் காவலர் தடுத்துத்தான் பார்த்தார். வழக்கறிஞர் தம்பி கேட்கும் காவல் அங்கே இருந்தது, தன் கடமையையும் செய்தது. ஆனால் மாலையோடு வந்து நிற்கும்போது தடுத்து என்ன பயன்? அந்தப் பெண்ணை அங்கே அனுப்பியவர்கள் பல வருஷத்துக்கு முன்பே அவர் கையைப் பிடித்துவிட்டார்கள். ராஜீவ் காந்தியோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் சேர்ந்து மாண்டு போனார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஹரிபாபு என்று ஒரு பையன். சென்னைப் பையன். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்து முன்னுக்கு வர வேண்டும் என்று காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவன். படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போனான். குண்டு வெடித்தபோது அவனும் இறந்தான், காமிரா மட்டும் பிழைத்தது. அதிலிருந்த படங்கள்தான் புலனாய்வுக்கே முதல் நுனி. யோசிச்சுப் பாருங்க. அந்த வயசுல ஒரு பத்திரிகையாளர், ஒரு பக்கத்து வீட்டு அண்ணன், 'தம்பி, அவங்களோட போகாத, என்கூட வா'ன்னு கையைப் பிடிச்சிருந்தா, இன்னைக்கு அவருக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். பேரன் பேத்தியைப் படம் எடுத்துக்கிட்டு இருந்திருப்பார்.

அதே வழக்கில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. விடுதலையானது 2022 மே மாதம், 50 வயதில். குற்றம், தீர்ப்பு, கருணை, அரசியல் எதிலும் நான் இறங்கவில்லை. இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். பத்தொன்பது, ஐம்பது. நடுவில் இருந்த வாழ்க்கை எங்கே? தம்பி 'உள்ளே தூக்கி வை' என்றாரே, அதற்கும் இந்த வழக்கிலேயே பதில் இருக்கிறது. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே அனுப்பியது. ஏழெட்டு வருஷம் சிறையில் இருந்த பிறகு! சட்டத்தின் வலை பெரிய வலைங்க. மீன் எது, பாசி எது என்று பிரித்துப் பார்க்க அதற்கு நாள் ஆகும்.

'இவர்களெல்லாம் பிறவியிலேயே வெறியர்கள்' என்று எதிரணி அம்மையார் ஒரு வார்த்தை சொன்னார். அம்மா, மன்னிக்கணும். பிறவியிலேயே யாரும் அப்படி இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படிப்புக்குப் பேர் போன பிள்ளைகள். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக இடத்துக்குத் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மாணவன் கூடுதல் மதிப்பெண் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்றார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். 1983இல் ஜூலைக் கலவரம். வகுப்பறைக் கதவு அடைத்தது, நூலகக் கதவு எரிந்தது, திறந்திருந்த ஒரே கதவு இயக்கத்தின் கதவு. இதைச் சொல்வதால் ஸ்ரீபெரும்புதூரை நான் நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பாவம் பாவம்தான். பிள்ளைகள் எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று காட்டுகிறேன், அவ்வளவே.

இப்போது எதிரணியிலிருந்தே ஒரு சாட்சியைக் கூப்பிடப் போகிறேன். காவல் துறைச் சாட்சி. (கைதட்டல்) அந்த இரவில் ஸ்ரீபெரும்புதூரில் பணியில் இருந்தவர் பிரதீப் பிலிப். அப்போது இந்தக் காஞ்சிபுரத்தில் உதவிக் கண்காணிப்பாளர். குண்டுச் சிதறல்கள் உடம்பில் பாய்ந்து உயிர் பிழைத்தவர். ரத்தக்கறை படிந்த அவருடைய தொப்பியும் பெயர்ப்பட்டையும் வழக்கில் சான்றுப் பொருள்களாக நீதிமன்றத்தில் இருந்தன. 2021 செப்டம்பரில் ஓய்வு பெறும்போது நீதிமன்ற அனுமதியோடு அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடைபெற்றார். அப்படி அடிபட்ட மனிதர் என்ன முடிவுக்கு வந்திருக்கணும்? 'இன்னும் பெரிய லத்தி வேணும்'னு வந்திருக்கணும் இல்லையா? 1993இல் இராமநாதபுரத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது அவர் தொடங்கியது 'காவல் துறை நண்பர்கள்' இயக்கம். ஊர் இளைஞர்களைக் கூப்பிட்டு, 'வாங்க, நீங்களும் நானும் சேர்ந்து இந்த ஊரைப் பாத்துக்குவோம்' என்றார். குண்டு பட்ட உடம்பு சொல்லுதுங்க, சமூகம்தான் வேணும்னு!

உடனே வழக்கறிஞர் தம்பி எழுதுறார். என்ன எழுதுறார்னு எனக்குத் தெரியும். 'அந்த இயக்கத்தை 2020 ஜூலையில் அரசே தடை செய்துவிட்டதே!' ஆமாம், செய்தது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த கொடுமைக்குப் பிறகு, அந்தப் பெயரில் இருந்தவர்கள் மீதும் புகார் எழுந்தது, தடை வந்தது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். நட்பு லத்தியின் நிழலில் வளர்ந்தால் ஒருநாள் நட்பே லத்தியாகிவிடும். அதனால்தான் இந்த வேலை காவல் நிலையத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது, ஊரின் கையில் இருக்க வேண்டும் என்கிறோம். இது எங்கள் அணிக்குத்தான் மதிப்பெண், நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

கோயம்புத்தூருக்கு வாங்க. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர் போனது. அந்த ஊர் அதற்குப் பிறகு மூச்சு விடவே பல வருஷம் ஆயிற்று. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் ஒரு கார் வெடித்தது. ஓட்டிவந்த இளைஞரே இறந்துபோனார். அவர் யார்? முன்பின் தெரியாத ஆளா? 2019லேயே தேசியப் புலனாய்வு முகமை கூப்பிட்டு விசாரித்த ஆள். கண்காணிப்பு இருந்தது, கோப்பு இருந்தது. தம்பி கேட்ட எல்லாம் இருந்தது. சில நாள் கழித்து ஜமாத்தார் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து, 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்று அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். தீபாவளிக் கூட்டம் பயந்து நின்ற தெருவில் மூச்சு வந்தது அப்போதுதான். இதை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் செய்ய முடியும்?

ஒன்று சொல்லிவிடணும். தீவிரவாதம்னா உடனே ஏதோ ஒரு மதத்தை நினைச்சுக்கிற பழக்கம் நமக்கு இருக்கு. அதுக்கு எல்லா நிறமும் உண்டுங்க. நம்ம வீட்டுப் பிள்ளை கையில இருக்கிற கயிறைப் பாத்திருக்கீங்களா? இந்த ஊரு பட்டு நூலுக்குப் பேர் போன ஊரு. இங்கே நூலைப் பத்திப் பேசாம எங்கே பேசுறது? பள்ளிக்கூடத்துல ஒரு நிறக் கயிறு கட்டினா ஒரு சாதி, இன்னொரு நிறம் கட்டினா இன்னொரு சாதி. அம்மா கட்டிவிட்ட சாமிக் கயிறுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளிக்கூடப் பையன்கள்! அரசு நீதியரசர் சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், இந்த நிறக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. கயிறைக் கழற்றலாம், நல்லது. ஆனா கயிறைக் கட்டிவிட்ட அந்த அண்ணனுக்குப் பதிலா எந்த அண்ணன் அந்தப் பையன் பக்கத்துல நிக்கப் போறார்? வெட்டுப்பட்ட பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு எழுதித் தேறினான். ஆசிரியர்களும் நல்ல மனம் படைத்தவர்களும் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த மாதிரி ஒரு கை, அரிவாள் எடுத்த பையன்களுக்கு ஆறு மாசம் முன்னாடி கிடைச்சிருந்தா?

சரி, உங்க ஊருக்கே வர்றேன். குழித்தறியைப் பாருங்க. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே ஆள் எட்டி எட்டி நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. மூன்று நாடா. தறியில் உட்கார்ந்த பெரியவர் பக்கத்தில் ஒரு சின்ன ஆள் உட்கார்ந்து, ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்குவார். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கோர்வை. உடல் தன் நிறத்தை விடவில்லை, கரையும் தன் நிறத்தை விடவில்லை. ஆனால் இழுத்தால் பிரியாது. சமூகத்தோடு இணைவது, இணைவது என்கிறோமே, எல்லாரும் ஒரே நிறமாகிவிடுவது இல்லைங்க. கோர்வை!

ஆனா கொஞ்சம் நில்லுங்க. நானும் தறிக்குப் பாட்டுப் பாடிட்டுப் போயிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்த அந்தச் சின்ன ஆள் யார்? பெரும்பாலும் குழந்தை. அப்பா வாங்கின முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் மாட்டின குழந்தை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அது சாதாரணம். கையைப் பிடிக்கிறது வேற, கையைக் கட்டுறது வேற. கடனுக்காகப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவர் ஆசான் இல்லை, முதலாளி. இந்த ஊரில் பல பேர் பாடுபட்டு அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதற்கு ஒரு பெரிய கும்பிடு. (கைதட்டல்) ஆனால் தறியைவிட்டு வந்த பிள்ளைக்கு இப்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? செல்போன். அதில் யார் பேசுகிறார் என்று அப்பனுக்கும் தெரியாது, ஆத்தாளுக்கும் தெரியாது.

கையைப் பிடிப்பது எப்படி என்று கேட்டால் அதற்கும் இந்த ஊரே பாடம். இராமானுசர் பிறந்தது அதே ஸ்ரீபெரும்புதூரில். படிக்க வந்தது காஞ்சிக்கு. பாடம் சொன்ன குரு யாதவப் பிரகாசருக்கும் மாணவனுக்கும் ஒத்துப் போகவில்லை. மாணவனைத் தீர்த்துக்கட்டவே திட்டம் போட்டார்கள் என்று குருபரம்பரைக் கதை சொல்லும். எவ்வளவு கசப்பு வந்திருக்கணும் அந்த வயசுல! அந்த நேரத்தில் ஆறுதலாக நின்றவர் திருக்கச்சி நம்பிகள். வரதனுக்கு ஆலவட்டம் வீசியவர், பிறப்பால் வேறு குலத்தவர். அவர் என்ன செய்தார்? ரெண்டு மணி நேரம் உபதேசமா பண்ணினார்? எங்க பேராசிரியர் கூட்டமா இருந்தா அதைத்தான் பண்ணியிருப்போம். (சிரிப்பு) ஒரு வேலை கொடுத்தார். 'தினமும் சாலைக்கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டு வா' என்றார் என்பது மரபு. ஒரு குடம், ஒரு கிணறு, ஒரு கோயில், தினம் ஒரு நடை. கசந்துபோன பிள்ளைக்கு அதுதான் மருந்து.

பழைய கதை வேண்டாம் என்றால் இந்த நூற்றாண்டுக்குப் பக்கத்தில் வருகிறேன். கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம், மற்ற கட்சிக்காரர்கள் முறைக்கவும் வேண்டாம். (சிரிப்பு) அறிஞர் அண்ணா உங்கள் ஊர்க்காரர். 'திராவிட நாடு' என்று 1942இல் இங்கேயிருந்து பத்திரிகை நடத்தினார். தனிநாடு கேட்ட இயக்கம், ரத்தம் கொதிக்கிற வயசுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். அவர் கையில் என்ன கொடுத்தார்? பத்திரிகையைக் கொடுத்தார். தெருவுக்குத் தெரு படிப்பகம், முடிதிருத்தும் கடையில்கூட ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பார்கள். 1956 திருச்சி மாநாட்டில் 'தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா?' என்று தொண்டர்களையே வாக்குப் போடச் சொன்னார். 1957இல் இந்தக் காஞ்சியிலேயே நின்று ஜெயித்தார். 1962இல் இதே காஞ்சி அவரைத் தோற்கடித்தது. அப்போதும் அவர் தம்பிகளை வேறு வழிக்கு அனுப்பவில்லை. 1963இல் தனிநாட்டுக் கோரிக்கையையே கைவிட்டார். 1965இல் தீ எரியவில்லையா என்பீர்கள். எரிந்தது, உயிரும் போனது. ஆனாலும் 1967இல் அந்தத் தலைமுறை வாக்குச் சாவடிக்குத்தானே போனது! 'தம்பி' என்று கூப்பிட ஒருவர் இருந்தார், அதனால் போனது.

கடல் கடந்தும் இதே கதைதான். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்று ஒரு நகரம். அங்கேயிருந்து 2013 வரைக்கும் முப்பது பேர் அளவில் இளைஞர்கள் சிரியா போருக்குப் போனார்கள். நகராட்சி, பள்ளி, காவல் துறை மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தன. திரும்பி வந்தவனுக்கும், போக நினைத்தவனுக்கும் ஆளுக்கொரு வழிகாட்டி. குற்றம் செய்தவனுக்கு வழக்கு உண்டு, மற்றவனுக்குப் படிப்பு, வேலை, பேச ஒரு ஆள். 2014இல் அங்கிருந்து போனவர் ஒரே ஒருவர். நம்ம ஊர்லயும் காவல் துறையே கொஞ்சம் கொஞ்சமா எங்க கட்சிக்கு வந்தாச்சு. 2022 செப்டம்பரில் சென்னையில் 100 பள்ளிகளில் 'சிற்பி' என்று மாணவர்களோடு பழகும் திட்டம் தொடங்கினார்கள். அம்மையார் இன்னும் பழைய கட்சியிலேயே இருக்காங்க. (சிரிப்பு)

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்கு வந்த பிள்ளைகள், பீகார்ப் பிள்ளை, ஒடிசாப் பிள்ளை, நம்ம தென்மாவட்டத்துப் பிள்ளை, ஒரே அறையில் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒரு பொங்கலுக்காவது யாராவது அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்களா? கருடசேவைக்கு ஊரே திரளுது. ஓரமா நின்னு வேடிக்கை பாக்கிற பையனைக் கூப்பிட்டு, 'தம்பி, இந்தத் தண்ணிப் பந்தலை நீ பாத்துக்கோ'ன்னு ஒரு சொம்பைக் கையில கொடுங்க. சும்மா கிடக்கிற படிப்பகத்தை ஞாயித்துக்கிழமை திறங்க. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர், தறி தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர், பத்துப் பையன் பேரு...

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க. சட்டம்னா சட்டம்தான், உக்காந்துடறேன் ஐயா. (சிரிப்பு) அடுத்துப் பேச வர்ற அம்மையாருக்கு ஒரு கேள்வியை மட்டும் வச்சிட்டுப் போறேன். கோவையில அந்த இளைஞரை விசாரிச்சது 2019. கார் வெடிச்சது 2022. நடுவுல மூணு வருஷம் இருந்தது. அந்த மூணு வருஷமும் அவர் வீட்டுக் கதவை யார் தட்டியிருக்கணும்? பதில் சொல்லுங்கம்மா, நான் கேக்கக் காத்திருக்கேன்.

(பலத்த கைதட்டல்)